பிட்ஸ்பர்க் நகரப் பூங்காக்களும் வரலாற்றுச் சின்னங்களும்

பிட்ஸ்பர்க் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஒரு நகரம் ஆகும். அலிகெனி, மொனொங்ககீலா என்னும் இரு ஆறுகள் இங்கு ஒன்றுகூடி ஒகையோ ஆறாகின்றன. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது அமெரிக்க எஃகுத் தொழிலின் தலைமையிடமாக விளங்கியது. புகையாலும் வெள்ளத்தாலும், பின்னர் ஆலைகள் மூடப்பட்டதாலும் நலிவுற்ற இந்நகரம், 1946 ஆம் ஆண்டு முதல் பல கட்டங்களாகப் புதுப்பிக்கப்பட்டது. கல்வி, மருத்துவம், கணினித் தொழில்நுட்பம் ஆகியவை இன்று இதன் முதன்மைத் துறைகளாக உள்ளன.

இந்நகரின் பூங்காக்களும் வரலாற்றுச் சின்னங்களும் இம்மறுமலர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையவை. சில இடங்களில் பழையன முற்றிலும் அகற்றப்பட்டுப் புதியன அமைக்கப்பட்டன. வேறு சில இடங்களில் பழைய கட்டடங்கள் காக்கப்பட்டுப் புதிய பயன்பாட்டிற்குக் கொண்டுவரப்பட்டன. இவ்விரு வழிமுறைகளின் விளைவுகளையும் ஒரே நகரில் அருகருகே காண இயலும் என்பது பிட்ஸ்பர்க்கின் தனிச்சிறப்பு ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

ஆறுகள் கூடும் முனையில் 1754 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் டூக்கேன் கோட்டையைக் கட்டினர். 1758 ஆம் ஆண்டில் ஜான் ஃபோர்ப்ஸ் தலைமையில் பிரித்தானியப் படை நெருங்கியபோது, அவர்கள் அதனை எரித்துவிட்டு வெளியேறினர். அதன் அருகே பிரித்தானியர் பிட் கோட்டையை எழுப்பினர். பிரித்தானிய அரசியலாளர் வில்லியம் பிட் என்பவரின் பெயரே கோட்டைக்கும் நகருக்கும் இடப்பட்டது. 1816 ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் மாநகர் என்ற தகுதியைப் பெற்றது.

சுற்றியுள்ள குன்றுகளில் நிலக்கரியும், சரக்குகளை ஏற்றிச் செல்ல ஆறுகளும் இருந்தமையால் இங்கு இரும்புத் தொழில் வளர்ந்தது. 1875 ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ கார்னெகியின் எட்கர் தாம்சன் எஃகு ஆலை அண்மையிலுள்ள பிராடாக்கில் உற்பத்தியைத் தொடங்கியது. 1950 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள் தொகை 676,806 என்ற உச்சத்தை எட்டியது. 2020 ஆம் ஆண்டில் அது 302,971 ஆக இருந்தது. எழுபது ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட மக்களை இழந்த பின்னரும் ஒரு நகரம் எவ்வாறு நிலைத்து நிற்கிறது என்பதே பிட்ஸ்பர்க் குறித்து நகரமைப்பு அறிஞர்கள் காட்டும் ஆர்வத்திற்குக் காரணம்.

புகையும் வெள்ளமும்

ஆலைகளும் தொடர்வண்டிகளும் வீட்டு அடுப்புகளும் நிலக்கரியை எரித்தமையால் நகரின் மீது அடர்ந்த புகை படிந்திருந்தது. நண்பகலிலும் தெருவிளக்குகள் எரிய வேண்டிய நாட்கள் இருந்தன. 1936 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தின்போது ஆற்றுமுனையில் நீர்மட்டம் 46 அடியை (14 மீட்டர்) எட்டியது. நகரின் மையப்பகுதி நீரில் மூழ்கியது.

1941 ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. உலகப்போர் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்ட இச்சட்டம், 1946 ஆம் ஆண்டில் தொழிலகங்களுக்கும் 1947 ஆம் ஆண்டில் வீடுகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. சனநாயகக் கட்சியைச் சேர்ந்த நகரத் தந்தை டேவிட் லாரன்ஸ் (பதவிக்காலம் 1946–1959), குடியரசுக் கட்சி ஆதரவாளரான வங்கியாளர் ரிச்சர்ட் கிங் மெலன் ஆகிய இருவரும் கட்சி வேறுபாட்டைக் கடந்து ஒத்துழைத்தனர். இக்காலகட்டம் பிட்ஸ்பர்க்கின் முதல் மறுமலர்ச்சி என அழைக்கப்படுகிறது. 1977 முதல் 1988 வரை நகரத் தந்தையாக இருந்த ரிச்சர்ட் கலிகியூரியின் காலம் இரண்டாம் மறுமலர்ச்சி எனப்படுகிறது.

ஆற்றுமுனை மாநிலப் பூங்கா

மூன்று ஆறுகளும் சந்திக்கும் முனையில் 36 ஏக்கர் பரப்பில் இப்பூங்கா அமைந்துள்ளது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்விடத்தைச் சரக்குத் தொடர்வண்டி முனையமும் கிடங்குகளும் நிறைத்திருந்தன. 1950 ஆம் ஆண்டில் இவை இடிக்கப்படத் தொடங்கின. அருகில் கேட்வே சென்டர் எனப்படும் அலுவலகக் கட்டடத் தொகுதி எழுந்தது. பூங்காவின் பணிகள் முழுமையடைய ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. முனையின் நுனியிலுள்ள பெரிய நீரூற்று 1974 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 150 அடி உயரம் வரை நீரைப் பாய்ச்சவல்ல இந்நீரூற்று, ஆற்று நீரைப் பயன்படுத்துவதில்லை. பனியுகக் காலத்தில் உருவான நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்தே இதற்கு நீர் எடுக்கப்படுகிறது. உள்ளூர் மக்கள் அப்படுகையை 'நான்காவது ஆறு' என அழைப்பர். சீரமைப்புக்குப் பின்னர் 2013 ஆம் ஆண்டில் நீரூற்று மீண்டும் இயங்கத் தொடங்கியது.

டூக்கேன் கோட்டை இருந்த இடம் புல்வெளியில் கல் எல்லைக்கோட்டால் காட்டப்பட்டுள்ளது. பிட் கோட்டையின் அரண் ஒன்றின் மறுவடிவத்தில் பிட் கோட்டை அருங்காட்சியகம் இயங்குகிறது. கோட்டைத் தொகுதியில் இன்றும் எஞ்சி நிற்கும் ஒரே கட்டடம் 1764 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட காவல் மாடம் ஆகும். மேற்குப் பென்சில்வேனியாவின் மிகப் பழமையான கட்டடம் இதுவே. செங்கல்லால் ஆன இச்சிறு மாடத்தின் சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகள் உள்ளன. பிற்காலத்தில் இது ஏழைக் குடும்பங்களின் குடியிருப்பாகவும் இருந்தது. இதன் உரிமையாளரான மேரி சென்லி, 1894 ஆம் ஆண்டில் அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்னும் பெண்கள் அமைப்பிடம் இதனை ஒப்படைத்தார். சுற்றியுள்ள நிலத்தை வாங்கிய தொடர்வண்டி நிறுவனம் இவ்விடத்தையும் பெற முயன்றபோது, அப்பெண்கள் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் போராடி மாடத்தைக் காத்தனர். நகர மறுமலர்ச்சி என்ற சொல் வழக்கில் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நிகழ்ந்த பாதுகாப்பு முயற்சி இது.

வாசிங்டன் குன்றும் இழுவை ரயில்களும்

மொனொங்ககீலா ஆற்றின் தென்கரையில் செங்குத்தாக உயரும் வாசிங்டன் குன்று, நிலக்கரி வெட்டப்பட்ட காலத்தில் நிலக்கரிக் குன்று எனப்பட்டது. ஆற்றங்கரை ஆலைகளில் பணிபுரிந்தோர் குன்றின் மேல் குடியேறியபோது, ஏறி இறங்குவதற்காக இழுவை ரயில்கள் அமைக்கப்பட்டன. நகரில் பதினைந்துக்கும் மேற்பட்ட இழுவை ரயில்கள் இருந்த காலமும் உண்டு. இன்று இரண்டு மட்டுமே எஞ்சியுள்ளன.

- மொனொங்ககீலா இழுவை ரயில்: 1870 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் தொடர்ந்து இயங்கிவரும் இழுவை ரயில்களுள் இதுவே மிகப் பழமையானது.
- டூக்கேன் இழுவை ரயில்: 1877 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 800 அடி நீளமும் 400 அடி உயரமும் கொண்டது.

டூக்கேன் இழுவை ரயில் 1962 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. குன்றின் மேல் வாழ்ந்த மக்கள் தாங்களே நிதி திரட்டி 1963 ஆம் ஆண்டில் அதனை மீண்டும் இயக்கினர். மரவேலைப்பாடு கொண்ட அதன் பழைய பெட்டிகளே இன்றும் ஓடுகின்றன. மேல் நிலையத்தையொட்டிய காட்சி மேடையிலிருந்து மூன்று ஆறுகளையும், பாலங்களையும், நகர மையத்தையும் ஒருங்கே காணலாம்.

பாலங்கள்

ஆறுகளும் பள்ளத்தாக்குகளும் மிகுந்த இந்நகரில் நூற்றுக்கணக்கான பாலங்கள் உள்ளன. அவற்றுள் சிமித்ஃபீல்டு தெருப் பாலம் 1883 ஆம் ஆண்டில் குஸ்தாவ் லிண்டந்தால் என்னும் பொறியாளரின் வடிவமைப்பில் கட்டப்பட்டது. இதன் இரும்புச் சட்டகங்கள் கண் வில்லையைப் போன்று மேலும் கீழும் வளைந்தவை.

அலிகெனி ஆற்றின் மீது 1924–1928 காலத்தில் கட்டப்பட்ட, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற மூன்று தொங்கு பாலங்கள் 'மூன்று சகோதரிகள்' எனப்படுகின்றன. பொதுவாகத் தொங்கு பாலத்தின் வடங்கள் கரையிலுள்ள பெரும் நங்கூரக் கட்டுமானங்களில் பிணைக்கப்படும். இப்பாலங்களிலோ அவை பாலத்தின் தளத்தோடே பிணைக்கப்பட்டுள்ளன. இவற்றிற்கு அடிபந்தாட்ட வீரர் ராபர்ட்டோ கிளமெண்டி, ஓவியர் ஆண்டி வார்கால், சூழலியல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன.

வடகரை

அலிகெனி ஆற்றின் வடகரை 1907 ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க்குடன் இணைக்கப்படும் வரை அலிகெனி என்னும் தனி நகரமாக இருந்தது. அங்கு பொது மேய்ச்சல் நிலமாக விளங்கிய பகுதி 1867 ஆம் ஆண்டில் பூங்காவாக மாற்றப்பட்டது. அலிகெனி காமன்ஸ் எனப்படும் இதுவே நகரின் மிகப் பழைய பூங்கா ஆகும். தேசியப் பறவைக்கூடம் இதனுள் அமைந்துள்ளது.

1960களில் பழைய அலிகெனி நகரின் மையப்பகுதி ஏறத்தாழ முழுவதும் இடிக்கப்பட்டு, வணிக வளாகமும் அலுவலகங்களும் கட்டப்பட்டன. பழைய சந்தைக் கட்டடம் அவ்வாறு மறைந்தது. இதற்கு எதிர்வினையாக 1964 ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் வரலாறு மற்றும் சின்னங்கள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. இடிபட இருந்த பழைய அஞ்சல் நிலையத்தை இவ்வமைப்பு காத்தது. குவிமாடத்துடன் கூடிய அக்கட்டடம் இன்று குழந்தைகள் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக உள்ளது. அருகிலுள்ள மெக்சிக்கப் போர்த் தெருக்கள் என்னும் குடியிருப்பின் செங்கல் வீடுகளும் இவ்வமைப்பின் முயற்சியால் சீரமைக்கப்பட்டன. 1976 ஆம் ஆண்டு முதல், தென்கரையில் இருந்த பழைய தொடர்வண்டி நிலையத்தையும் இது உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாக மாற்றியது.

ஓக்லாந்தும் சென்லி பூங்காவும்

நகர மையத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் ஓக்லாந்து பகுதி உள்ளது. காவல் மாடத்தை வழங்கிய அதே மேரி சென்லி, 1889 ஆம் ஆண்டில் இங்கு 300 ஏக்கர் நிலத்தைப் பூங்காவிற்காக அளித்தார். அவர் அப்போது இங்கிலாந்தில் வாழ்ந்து வந்தார். நகரின் பொதுப்பணித் துறைத் தலைவர் எட்வர்டு பிகிலோ இக்கொடையைப் பெறுவதில் முதன்மைப் பங்கு வகித்தார். இன்று சென்லி பூங்காவின் பரப்பு 456 ஏக்கர் ஆகும்.

பூங்காவினுள் உள்ள ஃபிப்ஸ் தாவரக்கூடம் 1893 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இரும்பும் கண்ணாடியும் கொண்டு கட்டப்பட்ட இக்கூடத்தின் முதல் தாவரங்களுட் பல, அவ்வாண்டு சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. பூங்காவின் நுழைவாயிலில் உள்ள சென்லி சதுக்கம் நெடுங்காலம் வாகன நிறுத்துமிடமாக இருந்தது. 2006 ஆம் ஆண்டில் அது புல்வெளியாகவும் மக்கள் கூடும் இடமாகவும் மாற்றப்பட்டது.

சதுக்கத்திற்கு எதிரே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் 42 மாடிக் கோபுரமான கல்விப் பேராலயம் நிற்கிறது. 1926 ஆம் ஆண்டில் இதன் கட்டுமானம் தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்திலும் பணி நிற்காமல் நடைபெற, 1937 ஆம் ஆண்டில் இது முறைப்படி திறக்கப்பட்டது. நகரில் குடியேறிய பல்வேறு இனத்தவர் தத்தம் பண்பாட்டைக் காட்டும் வகுப்பறைகளை இங்கு அமைத்துள்ளனர். இவற்றுள் இந்திய வகுப்பறை நாலந்தா பல்கலைக்கழகத்தின் செங்கல் முற்றத்தை மாதிரியாகக் கொண்டது. 1895 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கார்னெகி நூலகமும் அதனையொட்டிய அருங்காட்சியகங்களும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.

ஃப்ரிக் பூங்கா

644 ஏக்கர் பரப்புள்ள இதுவே நகரப் பூங்காக்களுள் மிகப் பெரியது. கல்கரித் தொழிலதிபர் என்றி கிளே ஃப்ரிக் 1919 ஆம் ஆண்டில் இறந்தபோது விட்டுச்சென்ற 151 ஏக்கர் நிலத்தில் இது தொடங்கப்பட்டு, 1927 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1892 ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிற்சங்கத்தை முறியடித்தவராகவும் ஃப்ரிக் அறியப்படுகிறார். அப்போராட்டத்தில் தொழிலாளரும் தனியார் காவலரும் மோதியதில் இரு தரப்பிலும் பலர் உயிரிழந்தனர்.

பூங்காவின் தென்பகுதியில் ஓடும் ஒன்பது மைல் ஓடையின் பள்ளத்தாக்கில், 1922 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் எஃகு ஆலைக் கசடு கொட்டப்பட்டு, மலைபோலக் குவிந்தது. 2006 ஆம் ஆண்டில் ஓடையின் சீரமைப்பு நிறைவுற்றது. கசடு மேட்டின் மீது குடியிருப்புகள் எழுந்தன. நடைபாதையில் செல்வோர் இன்றும் மரங்களுக்கிடையே சாம்பல் நிறக் கசடுச் சரிவுகளைக் காணலாம்.

2022 ஆம் ஆண்டு சனவரி 28 அன்று காலை, இப்பூங்காவின் பள்ளத்தாக்கைக் கடக்கும் ஃபெர்ன் காலோ பாலம் இடிந்து விழுந்தது. பேருந்து ஒன்றும் சில கார்களும் அதனோடு விழுந்தன. பலர் காயமுற்றனர், உயிரிழப்பு ஏற்படவில்லை. பாலத்தின் கால்கள் துருப்பிடித்து வலுவிழந்திருந்ததையும், பராமரிப்புப் பரிந்துரைகள் பலமுறை செயற்படுத்தப்படாததையும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணங்களாகக் கண்டறிந்தது. அதே ஆண்டு திசம்பரில் புதிய பாலம் திறக்கப்பட்டது. மக்கள் தொகை குறைந்துவிட்ட ஒரு நகரம், இரு மடங்கு மக்களுக்காகக் கட்டப்பட்ட கட்டமைப்பைப் பராமரிக்க வேண்டியுள்ளது என்ற சிக்கலை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

ஹில் மாவட்டம்

நகர மையத்தை அடுத்து மேட்டில் அமைந்துள்ள ஹில் மாவட்டம், ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் இசைக்கும் வணிகத்திற்கும் பெயர்பெற்ற பகுதியாக விளங்கியது. 1956 ஆம் ஆண்டு முதல், மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், அதன் தாழ்பகுதியில் 95 ஏக்கர் நிலத்திலிருந்த கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 8,000 மக்கள் வீடுகளை இழந்தனர். 400க்கும் மேற்பட்ட வணிக நிறுவனங்கள் அகற்றப்பட்டன. இடிக்கப்பட்டவற்றுள் பெத்தேல் தேவாலயமும் ஒன்று. அவ்விடத்தில் திறந்து மூடும் எஃகுக் கூரை கொண்ட சிவிக் அரங்கம் 1961 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அரங்கத்தைச் சுற்றிய நிலத்தின் பெரும்பகுதி வாகன நிறுத்துமிடமாகவே இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2011–2012 காலத்தில் அரங்கமும் இடிக்கப்பட்டது.

இடிப்பு மேலும் பரவாமல் தடுக்க 1960களில் மக்கள் திரண்ட சந்திப்பு 'விடுதலை முனை' என அழைக்கப்படுகிறது. குடியுரிமைப் போராளிகளின் நினைவுச்சின்னம் அங்கு உள்ளது. இப்பகுதியில் பிறந்த நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் (1945–2005), 20 ஆம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள் எழுதினார். அவற்றுள் ஒன்பது ஹில் மாவட்டத்தில் நிகழ்பவை. அவர் சிறுவயதில் வாழ்ந்த வீடு சீரமைக்கப்பட்டு 2022 ஆம் ஆண்டில் கலை மையமாகத் திறக்கப்பட்டது.

2021 ஆம் ஆண்டில், ஹில் மாவட்டத்தை நகர மையத்திலிருந்து பிரித்திருந்த தாழ்நிலை நெடுஞ்சாலையின் ஒரு பகுதி மேலே மூடப்பட்டு, ஏறத்தாழ 3 ஏக்கரில் ஃபிராங்கி பேஸ் பூங்கா அமைக்கப்பட்டது. இடிப்பை எதிர்த்த உள்ளூர்ச் சமூகச் செயற்பாட்டாளர் ஒருவரின் பெயரை இப்பூங்கா தாங்கியுள்ளது. 2023 ஆம் ஆண்டில் பெத்தேல் திருச்சபைக்குத் தாழ்பகுதியில் நிலம் வழங்க உடன்பாடு எட்டப்பட்டது. ஆற்றுமுனைப் பூங்காவும் இப்பகுதியின் இடிப்பும் ஒரே மறுமலர்ச்சித் திட்டத்தின் விளைவுகள் ஆதலால், ஒன்றைக் கண்டோர் மற்றொன்றையும் காண்பது நகர வரலாற்றை முழுமையாக அறிய உதவும்.

எஃகுத் தொழிற் சின்னங்கள்

1980களில் மொனொங்ககீலா பள்ளத்தாக்கின் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பல்லாயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இளையோர் பலர் பிற மாநிலங்களுக்குப் பெயர்ந்தனர். இக்கால நினைவுகளைத் தாங்கிய முதன்மை இடங்கள் பின்வருமாறு:

- ஹோம்ஸ்டெட்: 1986 ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஆலையின் இடத்தில் 1999 ஆம் ஆண்டில் வணிக வளாகம் திறக்கப்பட்டது. வரிசையாக நிற்கும் பன்னிரண்டு புகைபோக்கிகளும், 1892 மோதல் நிகழ்ந்த இடத்திலுள்ள நீரேற்று நிலையமும் எஞ்சியுள்ளன.
- கேரி ஊது உலைகள்: ஹோம்ஸ்டெட்டுக்கு எதிர்க்கரையில் 1907 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 6, 7 ஆம் எண் உலைகள் 92 அடி உயரமுடையவை. 2006 ஆம் ஆண்டில் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாக்கள் நடத்தப்படுகின்றன.
- உருக்குப் பாலம்: உருகிய இரும்பைக் கொள்கலன்களில் ஆற்றைக் கடத்திய இப்பாலம், 2007 ஆம் ஆண்டு முதல் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் பயன்படுகிறது.
- மில் 19: ஹேசல்வுட் பகுதியிலுள்ள பழைய ஆலைக் கூடம். இதன் எஃகுச் சட்டகத்தை அப்படியே விட்டு, அதனுள் ஆய்வுக்கூடங்கள் கட்டப்பட்டுள்ளன. கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன.

பிராடாக்கில் உள்ள எட்கர் தாம்சன் ஆலை 2025 ஆம் ஆண்டிலும் இயங்கி வந்தது. ஆதலால் பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் எஃகுத் தொழில் முற்றிலும் அருங்காட்சியகப் பொருளாகிவிடவில்லை.

தென்னிந்தியத் தொடர்பு

நகருக்குக் கிழக்கேயுள்ள பென் ஹில்ஸ் பகுதியில், 1970களில் கட்டப்பட்ட சிறீ வெங்கடேசுவரர் கோயில் உள்ளது. இது ஐக்கிய அமெரிக்காவில் தென்னிந்திய மரபில் எழுப்பப்பட்ட தொடக்ககாலக் கோயில்களுள் ஒன்றாகும். சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி, 1979 ஆம் ஆண்டில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் எந்திரனியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அவர் 1994 ஆம் ஆண்டில் டூரிங் விருதைப் பெற்றார்.

பயணக் குறிப்புகள்

ஆற்றுமுனைப் பூங்கா, சென்லி பூங்கா, ஃப்ரிக் பூங்கா ஆகியவற்றிற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஃபிப்ஸ் தாவரக்கூடம், தேசியப் பறவைக்கூடம் ஆகியவற்றிற்குக் கட்டணம் உண்டு. நகர மையத்தையும் வடகரையையும் இணைக்கும் இலகு தொடர்வண்டி ஆற்றின் அடியில் சுரங்கம் வழியாகச் செல்கிறது. ஆறுகளின் கரையோரமாக மிதிவண்டிப் பாதைகள் உள்ளன. மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் செல்லும் நெடும்பாதை ஆற்றுமுனைப் பூங்காவில் முடிவடைகிறது.

குளிர்காலத்தில் பனி பொழிவதாலும், நீரூற்று நிறுத்தப்படுவதாலும், மே முதல் அக்டோபர் வரையிலான காலமே சுற்றிப்பார்க்க ஏற்றது. அக்டோபரில் பூங்காக்களின் மரங்கள் நிறம் மாறுகின்றன. கேரி ஊது உலைகளைக் குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே பார்வையிட இயலும் என்பதால், முன்பதிவு செய்துகொள்வது நன்று.

இவற்றையும் பார்க்க

- பென்சில்வேனியா
- ஒகையோ ஆறு
- ஆண்ட்ரூ கார்னெகி
- எஃகு
- நகர்ப்புற மீளுருவாக்கம்